எண் ஒன்றை அழுத்தவும்: காட்ஸ் காப்புரிமைகளும் 1,975 கோரிக்கைகளும்

"தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்று ஒரு பெண்குரல் சொல்வதை இன்றைக்குக் கேட்காத ஆள் கிடையாது. கேஸ் புக்கிங், வங்கி, மின்வாரியப் புகார், எதற்குப் போன் போட்டாலும் முதலில் எடுப்பது இயந்திரம்தான். நாம் ஒன்றை அழுத்தினால் அது கணக்கு எண்ணைக் கேட்கும். எண்ணைக் கொடுத்தால் இருப்பைச் சொல்லும். எதற்கும் ஒத்துவரவில்லை என்றால் கடைசியில் ஒரு ஆளிடம் தள்ளிவிடும். இந்த ஏற்பாட்டுக்கு யாராவது ஒருத்தர் சொந்தக்காரராக இருக்க முடியுமா?

அமெரிக்காவில் இருந்தார். பெயர் ரொனால்ட் ஏ. காட்ஸ். தானியங்கித் தொலைபேசி அழைப்புகளைக் கையாள்வது பற்றி டஜன் கணக்கில் காப்புரிமைகள் வைத்திருந்தவர். அவருடைய நிறுவனம் போட்ட வழக்குகளில் ஒரு பெருந்தொகுப்பு மேல்முறையீட்டுக்குப் போய், 2011 பிப்ரவரி 18 அன்று ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை விட்டுவிட்டுப் பலமுறை படித்திருக்கிறேன். காப்புரிமைச் சட்டம் படிக்கிறவர்கள் இதை ஒரு நடைமுறைத் தீர்ப்பாகத்தான் பார்ப்பார்கள். எனக்கு இது தொலைபேசி வரலாற்றின் ஒரு அத்தியாயமாகத் தெரிகிறது. அதனால் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன்.

கையில் பிடிக்கக்கூடிய கண்டுபிடிப்பு

அழைப்பை மனிதக் கை படாமல் உரிய இடத்துக்கு அனுப்புவது என்ற ஆசை தொலைபேசி அளவுக்கே பழையது. பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்தது 1876-ல். மூன்றே வருடத்தில், 1879 டிசம்பரில், கானலி சகோதரர்களும் மக்டைகும் தானியங்கி இணைப்பகம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அது நடைமுறையில் நிலைக்கவில்லை. நிலைத்தது ஆல்மன் ஸ்ட்ரோஜருடையது.

ஸ்ட்ரோஜர் கான்சாஸ் சிட்டியில் பிணச் சடங்குத் தொழில் செய்தவர். தனக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டு, ஆபரேட்டரே வேண்டாம் என்று முடிவு கட்டினார் என்பது பிரபலமான கதை. எவ்வளவு நிஜமோ, எவ்வளவு பின்னால் ஒட்டிக்கொண்டதோ, கதை நன்றாக இருப்பதால் எல்லாரும் சொல்கிறார்கள். காப்புரிமை எண் 447,918 மட்டும் நிஜம். 1889 மார்ச்சில் விண்ணப்பித்து 1891 மார்ச் 10-ல் கிடைத்தது. 1892 நவம்பரில் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் முதல் ஸ்ட்ரோஜர் இணைப்பகம் திறந்தது.

ஸ்ட்ரோஜர் சுவிட்சின் சிறப்பு, அது செய்யும் வேலையைக் கண்ணால் பார்க்கலாம் என்பது. ஒரு தண்டு. ஒரு இலக்கத்துக்கு அது மேலே ஏறும். அடுத்த இலக்கத்துக்குப் பக்கவாட்டில் சுழலும். ஏறிச் சுழன்று நிற்கும் இடத்தில் இருக்கும் தொடுமுனைதான் நீங்கள் கூப்பிட்ட ஆள். இதை இன்னொருத்தர் காப்பியடித்தாரா இல்லையா என்று பார்க்க வேண்டுமானால் இரண்டு கருவிகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்தால் போதும். அந்தக் காலத்திலும் காப்புரிமைச் சண்டைகளுக்குக் குறைவில்லை. ஆனால் எதைப் பற்றிச் சண்டை என்பது கைக்கு அகப்படுகிற விஷயமாக இருந்தது.

காசு விஷயத்தில் ஸ்ட்ரோஜருக்குக் கிடைத்தது சொற்பம். தன் காப்புரிமைகளை 1896-ல் 1,800 டாலருக்கும், நிறுவனத்தில் இருந்த பங்கை 1898-ல் 10,000 டாலருக்கும் விற்றுவிட்டார். 1902-ல் காலமானார். அதே காப்புரிமைகளுக்கு பெல் நிறுவனம் 1916-ல் 25 லட்சம் டாலர் கொடுத்தது என்று தொலைபேசி வரலாறுகள் குறிக்கின்றன.

சுழல் வட்டிலிருந்து ஓசைக்கு

ஸ்ட்ரோஜர் வகை இணைப்பகங்களுடன் வந்தது சுழற்றும் வட்டு. நீங்கள் ஐந்தைச் சுழற்றி விட்டால் கம்பியில் ஓடும் மின்சாரம் ஐந்து முறை அறுந்து அறுந்து ஒட்டும். பக்கத்து இணைப்பகம் அந்தத் துடிப்புகளை எண்ணிக்கொள்ளும். அதோடு அவற்றின் வேலை முடிந்தது. இணைப்புக் கிடைத்தபின் நீங்கள் வட்டைச் சுழற்றினாலும் மறுமுனைக்கு ஒழுங்காகப் போய்ச் சேருவது ஒன்றுமில்லை. அதாவது வட்டுப் போன் இருந்தவரை, பேசும்போதே எண்ணைத் தட்டி மறுமுனைக்குச் செய்தி அனுப்புவது என்பதற்கு வழியே இல்லை.

1963 நவம்பரில் பென்சில்வேனியாவின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் என்ற இரண்டு ஊர்களில் பொத்தான் போன் வாடிக்கையாளர்களுக்கு வந்தது. டச் டோன். ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு ஓசைகள். ஒன்றை அழுத்தினால் 697 ஹெர்ட்ஸும் 1,209 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். இரண்டுமே மனிதக் குரலுக்கு என்று ஒதுக்கிய அலைவரிசைக்குள் இருப்பவை. அதனால் பேச்சு எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் இந்த ஓசையும் போகும். சென்னையில் அழுத்தினால் டெல்லியில் கேட்கும். மறுமுனையில் ஒரு கணினி காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால், போன் பொத்தான்கள் அப்படியே கணினியின் விசைப்பலகை ஆகிவிடும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் வந்த சண்டை முழுக்க இந்த ஒரு வசதியின்மேல் கட்டியதுதான். இந்த ஓசை முறையை உருவாக்கியது பெல் ஆய்வகம். காட்ஸ் அதைத் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லவே இல்லை. அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்பதைத்தான் தன்னுடையது என்றார்.

எழுபதுகளில் இன்னொரு பக்கமும் வளர்ந்தது. விமான நிறுவனங்களுக்கு முன்பதிவு அழைப்புகள் குவிந்தன. வரும் அழைப்பைச் சும்மா இருக்கும் ஊழியருக்குத் தானாகப் பிரித்துக் கொடுக்கும் எந்திரங்கள் வந்தன. ராக்வெல் நிறுவனம் 1973-ல் கான்டினென்டல் ஏர்லைன்ஸுக்குச் செய்துகொடுத்தது அவற்றில் பேர்பெற்றது.

1980 அக்டோபர் 28. கார்ட்டருக்கும் ரீகனுக்கும் தொலைக்காட்சி விவாதம். முடிந்ததும் ஏபிசி தொலைக்காட்சி இரண்டு 900 எண்களைக் கொடுத்தது. ரீகன் ஜெயித்தார் என்றால் ஒரு எண், கார்ட்டர் என்றால் இன்னொன்று. ஒரு அழைப்புக்கு 50 சென்ட். ஏறக்குறைய 7 லட்சம் அழைப்புகள் வந்தன. ரீகனுக்கு இரண்டு பங்கு, கார்ட்டருக்கு ஒரு பங்கு. கருத்துக்கணிப்பு நிபுணர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரே ஆள் பத்துத் தடவை கூப்பிட்டால்? யார் கூப்பிட்டார், எந்த ஊர், எந்த வயது? இயந்திரத்துக்குத் தெரிந்தது எண்ணிக்கை ஒன்றுதான்.

அங்கேதான் நம் ஆள் நுழைகிறார்.

காட்ஸ் யார்?

காட்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் "பேட்டன்ட் டிரோல்" என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஒன்றும் செய்யாமல் காகிதத்தை வைத்துக்கொண்டு வழிப்பறி செய்கிறவர் என்று அர்த்தம். இது முழு நியாயம் இல்லை. 1961-ல் ராபர்ட் கோல்ட்மன் என்பவரோடு சேர்ந்து டெலிகிரெடிட் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர் காட்ஸ். கடைக்காரர் கையில் ஒருத்தர் காசோலை நீட்டுகிறார். வாங்கலாமா, திரும்பி வருமா? கடைக்காரர் போன் போட்டுக் கேட்டால் கணினிப் பதிவைப் பார்த்து அப்போதே பதில் சொல்வது டெலிகிரெடிட்டின் தொழில். அறுபதுகளின் தொடக்கத்தில் இது சாதாரண வேலை இல்லை. அந்த நிறுவனம் 1990-ல் ஈக்விஃபாக்ஸ் கைக்குப் போனது. ஆக, தொலைபேசியையும் கணினியையும் ஒட்டவைத்து நிஜமாகவே தொழில் நடத்திய ஆள் அவர்.

1985 ஜூலை 10-ல் அவர் ஒரு விண்ணப்பம் போட்டார். அதை வளர்த்து எழுதிய அடுத்த விண்ணப்பத்துக்கு 1988 டிசம்பர் 20 அன்று 4,792,968 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், பொதுத் தொலைத்தொடர்பு வசதியோடு சேர்த்துப் பயன்படுத்தும் புள்ளியியல் ஆய்வு முறை. அடுத்த வருடமே 4,845,739. அதற்கடுத்த வருடம் 4,930,150.

கருத்து இதுதான். நிறையப் பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள். பதிவு செய்த குரல் ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்கிறது. அவர்கள் பொத்தானை அழுத்திப் பதில் சொல்கிறார்கள். கூப்பிட்டவர் தகுதி உள்ளவரா, ஏற்கெனவே கூப்பிட்டவரா என்று கணினி சரிபார்க்கிறது. பதில்களைச் சேமிக்கிறது. கூப்பிட்டவர்களில் ஒரு பகுதியைப் பிரித்தெடுக்கிறது. தேவைப்பட்டால் ஊழியரிடம் இணைக்கிறது. கருத்துக்கணிப்பு, லாட்டரி, ஏலம், தபால் ஆர்டர் என்று எடுத்துக்காட்டுகள். 1980-ல் ஏபிசி பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு படித்தால், இது நல்ல யோசனையாகத்தான் தெரியும். பின்னால் எல்லாருக்கும் சாதாரணமாகிப்போன விஷயத்தை வைத்து, 1985-லும் அது சாதாரணம்தானே என்று சொல்லிவிடக் கூடாது.

ஆலமரமும் விழுதும்

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. காப்புரிமையில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று விவரிப்பு: நான் என்ன செய்தேன், எப்படிச் செய்தேன் என்ற கதை. மற்றது கோரிக்கை: இதில் எது என் சொத்து என்ற எல்லைக்கோடு. நம்ம ஊர்க் கிரயப் பத்திரத்தில் கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வாய்க்கால் என்று நான்கெல்லை எழுதுவோமே, அதுதான் கோரிக்கை. மீறல் நடந்ததா என்று நீதிமன்றம் பார்ப்பது கோரிக்கையை வைத்துத்தான்.

அமெரிக்க முறையில் தொடர்ச்சி விண்ணப்பம் என்று ஒன்று உண்டு. பழைய விவரிப்பை வைத்துக்கொண்டே, பழைய தேதியின் பலனோடு, புதிய எல்லைகளைக் கோரலாம். மூல விண்ணப்பம் 1985-ல் போட்டது. 1995-ல் வங்கிகள் எல்லாம் போனில் இருப்புச் சொல்லத் தொடங்கிவிட்டன என்று தெரிந்தபின், அந்த நடைமுறைக்குப் பொருந்துகிற மாதிரி புதுக் கோரிக்கை எழுதலாம். பழைய விவரிப்பில் அதற்கு ஆதாரம் இருந்தால் போதும். சட்டப்படி இதில் தப்பே இல்லை. ஆலமரம் விழுது விட்டால் எது தாய்மரம், எது விழுது என்று சில காலத்தில் தெரியாமல் போகும். காட்ஸின் காப்புரிமைக் குடும்பமும் அப்படித்தான் ஆச்சு.

1995 ஜூன் 8 ஒரு முக்கியமான தேதி. அதற்கு முன் அமெரிக்கக் காப்புரிமை ஆயுள், கொடுத்த நாளிலிருந்து 17 வருடம். அதன்பின் போடும் விண்ணப்பங்களுக்கு, முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருடம். பழைய விதியின் பலனை விட மனமில்லாமல் அந்தத் தேதிக்கு முன்னால் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. காட்ஸுடையவையும் அதில் உண்டு.

ஒரே யோசனையைச் சற்று மாற்றி மறுபடி காப்புரிமை வாங்கினால், பின்னதின் ஆயுள் முன்னதோடு முடியும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்ததால் இந்தக் குடும்பத்தின் பல காப்புரிமைகள் மூத்ததோடு சேர்ந்து ஒரே நாளில் காலாவதி ஆகின. 1988 டிசம்பர் 20-லிருந்து 17 வருடம் எண்ணினால் 2005 டிசம்பர் 20.

காலாவதி ஆனால் கதை முடிந்தது என்று நினைக்கலாம். முடியாது. நடந்துபோன மீறலுக்கு ஆறு வருடம் பின்னோக்கி நஷ்டஈடு கேட்க அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இனிமேல் யாரையும் தடுக்க முடியாது. ஆனால் நேற்றுவரை நடந்ததற்குக் காசு கேட்கலாம்.

பயம் போதாது என்ற தீர்ப்பு

பெரிய வழக்குத் தொகுப்புக்கு முன்னால் நடந்த ஒரு சிறிய வழக்கைச் சொல்லியே ஆகவேண்டும். தானியங்கி அழைப்புத் தொழிலில் இருந்த வெஸ்ட் இன்டராக்டிவ் என்ற நிறுவனம், இந்தக் காப்புரிமைகளில் உரிமை பெற்றிருந்த ஃபர்ஸ்ட் டேட்டா ரிசோர்சஸ்மேல் தானே முன்வந்து வழக்குப் போட்டது. நாங்கள் மீறவில்லை, இவை செல்லவும் செல்லாது, அதை இப்போதே அறிவியுங்கள் என்று கேட்டது. 1992-ல் ஃபெடரல் சர்க்யூட் வழக்கைத் தள்ளுபடி செய்தது சரிதான் என்றது. எதிர்த்தரப்பு உங்கள்மேல் வழக்குப் போடும் என்று அஞ்சுவதற்கு நியாயமான காரணம் காட்டவில்லை, ஆகவே இங்கே நிஜமான தகராறே இல்லை என்பது காரணம்.

இதன் விளைவைக் கவனியுங்கள். காப்புரிமைக்காரர் வாயைத் திறந்து மிரட்டாதவரை, மற்றவர்கள் நீதிமன்றம் போய்ச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள முடியாது. தொழிலை நடத்து, முதலீடு போடு, தலைக்குமேல் கத்தி தொங்குகிறதா என்று மட்டும் கேட்காதே. இந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் 2007-ல் மெட்இம்யூன் வழக்கில் ஏற்க மறுத்தது. இடையில் போன 15 வருடத்தில் காட்ஸின் குடும்பம் நன்றாகக் கிளைத்துவிட்டது.

அந்த இடைவெளியில்தான் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தோடும் ஒரு வழக்கு பென்சில்வேனியாவில் நடந்தது. கோரிக்கைகளில் உள்ள சொற்களுக்கு என்ன பொருள் என்று 1999-ல் நீதிமன்றம் நீண்ட உத்தரவு போட்டது. கடைசியில் சமரசம். பெரிய நிறுவனங்கள் பலவும் உரிமம் வாங்கிக்கொண்டன. வழக்காடுவதைவிட அது மலிவு என்பது யாருக்கும் தெரிந்த கணக்கு.

ஐம்பது கோஷ்டி, ஒரு நீதிபதி

2005-லிருந்து காட்ஸின் நிறுவனம் வரிசையாக வழக்குகள் போட்டது. கிழக்கு டெக்சாஸ், டெலவேர் என்று பல இடங்களில். மொத்தம் 25 வழக்குகள். எதிரிகள் 165 நிறுவனங்கள்; தாய் நிறுவனம், கிளை நிறுவனம் என்று சேர்த்துக் கட்டினால் 50 கோஷ்டி. வங்கி, காப்பீடு, விமானம் என்று போனில் வாடிக்கையாளரோடு பேசும் தொழில் எல்லாமே. 31 காப்புரிமைகள். அவற்றிலிருந்து 1,975 கோரிக்கைகள்.

விசாரணைக்கு முந்தைய நடவடிக்கைகளை எல்லாம் ஒரே இடத்தில் நடத்தலாம் என்று 2007-ல் முடிவாகி, வழக்குகள் கலிபோர்னியாவின் மத்திய மாவட்ட நீதிமன்றத்துக்கு, நீதிபதி ஆர். கேரி கிளாஸ்னர் முன்னால் வந்தன. 1,975 கோரிக்கைகளையும் 50 கோஷ்டிகளோடு பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொருள் என்ன, இவர் மீறினாரா, அது செல்லுமா என்று தனித்தனியாகப் பார்த்தால் நீதிபதியின் ஆயுள் போதாது.

கிளாஸ்னர் ஒரு வரம்பு போட்டார். ஒவ்வொரு எதிரிக் கோஷ்டிக்கு எதிராகவும் முதலில் 40 கோரிக்கைகளைத் தேர்ந்தெடுங்கள். ஆவணங்களைப் பார்த்தபின் அதை 16 ஆகக் குறையுங்கள். எல்லா எதிரிகளையும் சேர்த்து மொத்தம் 64-க்கு மேல் போகக் கூடாது. கூடவே ஒரு கதவையும் திறந்து வைத்தார். விட்டுப்போன கோரிக்கையில் ஏதாவது, தேர்ந்தெடுத்தவற்றில் இல்லாத புதுப் பிரச்சினையை எழுப்புகிறது என்று காட்டினால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

காட்ஸ் தரப்பு அந்தக் கதவு வழியாகப் போகவில்லை. தேர்ந்தெடுக்காத கோரிக்கைகளைத் தனியே பிரித்து, நிறுத்தி வையுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்டது. மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அவர்கள் சொன்ன வாதம் லேசுப்பட்டது இல்லை. ஒவ்வொரு கோரிக்கையும் தனிச் சொத்து. தனித்தனியே செல்லுபடியாகும் என்று சட்டமே அனுமானிக்கிறது. என் சொத்தில் முக்கால்வாசியைக் கேட்காமலே பறித்தால் அது உரிய சட்ட நடைமுறையா?

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரைசன். அவர் சொன்னதின் சாரம்: இந்தக் காப்புரிமைகள் பலவும் ஒரே விவரிப்பிலிருந்து வந்தவை. ஆயுளை மூத்ததோடு முடித்துக்கொள்கிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அப்படியானால் நிறையக் கோரிக்கைகள் ஒன்றையே திரும்பச் சொல்பவையாக இருக்கும் என்று கீழ்நீதிமன்றம் நினைத்தது நியாயம். இல்லை, இது வேறு என்றால், எது வேறு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. உங்கள் கோரிக்கைகளை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஒரு கோரிக்கையைக்கூடக் குறிப்பாகக் காட்டாமல், மொத்தமும் வேண்டும் என்று நின்றால் உதவ முடியாது.

எந்தக் கணினியும் செய்யும் வேலை

அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி மென்பொருள்காரர்களுக்கு அதிகம் பயன்படுவது. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. கருவியின் அமைப்பைச் சொல்லாமல் "இன்ன வேலையைச் செய்யும் சாதனம்" என்று கோரிக்கையில் எழுதலாம். அதற்குப் பதிலாக, அந்த வேலையைச் செய்யும் அமைப்பு எது என்று விவரிப்பில் சொல்லியிருக்க வேண்டும். சாதனம் கணினி என்றால்? வெறுமனே "கணினி" என்று சொன்னால் போதாது, அதில் ஓடும் வழிமுறையையும் சொல்ல வேண்டும் என்று 1999-ன் டபிள்யூ.எம்.எஸ். கேமிங் தீர்ப்பிலிருந்து ஒரு விதி வளர்ந்திருந்தது.

காட்ஸின் கோரிக்கைகளில் சில, ஒரு நிபந்தனையைப் பார்த்து அழைப்பை ஊழியரின் முனையத்துக்கு இணைக்கும் "செயலாக்கும் சாதனம்" என்றன. எந்த நிபந்தனை, எப்படிப் பார்க்கும் என்ற வழிமுறை விவரிப்பில் இல்லை. அவை தெளிவற்றவை, செல்லாது என்றது நீதிமன்றம். வேறு சில, தரவைப் பெறுவது, சேமிப்பது, செயலாக்குவது என்று மட்டும் சொல்லின. இவை எந்தப் பொதுக் கணினியும் தனி நிரல் இல்லாமலே செய்யும் வேலைகள். அதற்குத் தனி வழிமுறை கேட்கத் தேவையில்லை என்று அவற்றை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. இந்த விலக்குக்கே பிற்காலத்தில் காட்ஸ் விதிவிலக்கு என்று பெயர் வந்துவிட்டது.

காட்ஸுக்குச் சாதகமான இந்தப் புள்ளியைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் வேடிக்கை தெரியும். எந்தக் கணினியும் செய்கிற வேலை என்பதால்தான் அந்தக் கோரிக்கை தெளிவின்மையிலிருந்து தப்பியது. எந்தக் கணினியும் செய்யும் என்றால் அதில் புதுமை எங்கே இருக்கிறது என்ற அடுத்த கேள்வி அங்கேயே காத்திருக்கிறது. ஸ்ட்ரோஜரின் தண்டு எங்கே ஏறி எங்கே சுழல்கிறது என்று படத்தில் காட்டலாம். இங்கே ஒரு கட்டம், அதிலிருந்து ஒரு கோடு, இன்னொரு கட்டம். அவ்வளவுதான்.

பொத்தானை அழுத்தியது யார்?

எனக்குப் பிடித்த பகுதி இது. 5,917,893 என்ற காப்புரிமையின் சில கோரிக்கைகள் ஒரு அமைப்பை விவரித்துக்கொண்டே போய், நடுவில், கூப்பிடுகிறவர்கள் இலக்கங்களை உள்ளிடுகிறார்கள் என்று ஒரு செயலையும் சேர்த்துவிட்டன. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் மீறல் எப்போது நடக்கிறது? வங்கி அந்த அமைப்பைக் கட்டி நிறுத்தியபோதா? நீங்களோ நானோ கூப்பிட்டுப் பொத்தானை அழுத்தியபோதா? கட்டுகிறவருக்குத் தான் எல்லை தாண்டினோமா என்று தெரிய வழியில்லை. கருவியையும் செயலையும் ஒரே கோரிக்கையில் கலந்தால் அது செல்லாது என்று அமேசான் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2005-லேயே சொல்லியாயிற்று. அந்த வழியிலேயே இவையும் விழுந்தன.

சட்ட நுணுக்கம் என்று தள்ளிவிடத் தோன்றும். எனக்கு இதுதான் முழுத் தகராறின் மையமாகப் படுகிறது. ஸ்ட்ரோஜரின் கருவியில் கருவி மட்டும்தான் உண்டு. காட்ஸின் அமைப்பில் மனிதரும் ஒரு உறுப்பு. கூப்பிடுகிற ஆள், அவர் மனதில் வைத்திருக்கும் கணக்கு எண், அதை அவர் அழுத்தும் வரிசை எல்லாம் சேர்ந்துதான் அந்த முறை. ஒரு உரையாடலின் வடிவத்தைச் சொத்தாக்கப் போனால் எல்லைக்கல் எங்கே நடுவது என்ற பிரச்சினை வரத்தான் செய்யும்.

பிறகு

2011 செப்டம்பரில் அமெரிக்கா காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. ஒரே காப்புரிமையை மீறினார்கள் என்ற ஒற்றைக் காரணத்துக்காகச் சம்பந்தமில்லாத நிறுவனங்களை ஒரே வழக்கில் கட்டிப்போடக் கூடாது என்று ஒரு பிரிவு சேர்ந்தது. 2013-ல் கிழக்கு டெக்சாஸ் நீதிமன்றம் ஒரு மாதிரி உத்தரவு வெளியிட்டது: முதலில் 32 கோரிக்கை, பிறகு 16. காட்ஸ் வழக்கில் கிளாஸ்னர் போட்ட அதே 16 எண்ணிக்கை. இன்றைக்குக் கோரிக்கைகளைக் குறைக்கச் சொல்லும் உத்தரவுகள் அங்கே வழக்கமான நடைமுறை ஆகிவிட்டன.

வரம்பு போட்டது நியாயமா? நியாயம் என்றே நினைக்கிறேன். ஒருத்தருடைய நிலத்துக்கு 1,975 எல்லை எழுதியிருந்தால், நடந்து போகிறவனுக்கு எது வழி, எது வயல் என்று தெரியாது. எல்லாவற்றையும் அளந்து பார் என்று நீதிமன்றத்தைக் கேட்பதைவிட, முக்கியமான 64-ஐக் காட்டு என்று சொத்துக்காரரைக் கேட்பது சரி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் நீதிமன்றம்தானா என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் கோரிக்கைகளுக்கு ஒவ்வொன்றாக முத்திரை குத்திக் கொடுத்தது காப்புரிமை அலுவலகம். அங்கே கேட்காத கேள்வியை இருபது வருடம் கழித்து ஒரு நீதிபதி கேட்டார். அதற்குள் காப்புரிமைகள் பல காலாவதியே ஆகிவிட்டன. நடுவில் உரிமம் வாங்கிப் பணம் கட்டியவர்களுக்கு, தாங்கள் கட்டியது எந்த எல்லைக்காக, அந்த எல்லை நிற்குமா என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. 1992-ல் வெஸ்ட் கேட்டதும் அதைத்தான். அன்றைக்கே அதற்குப் பதில் சொல்லியிருந்தால் 1,975 என்ற எண்ணிக்கை வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.